தலைமை அதிகாரியின் சம்பளம்: வாதத்தில் கோட்டை விடும் இடங்கள்

பெரிய கம்பெனித் தலைவர்களின் சம்பளத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் எதிரில் வந்து இரண்டு கேள்வி கேட்டதும் பலருடைய வாதம் ஆட்டம் கண்டுவிடுகிறது. கோளாறு பெரும்பாலும் தொகையிலேயே தொடங்கிவிடுகிறது.

செய்தியில் வரும் எண், சம்பளம், போனஸ், பங்குகள் என எல்லாவற்றையும் கூட்டியது. அதில் பங்குப் பகுதிதான் பல சமயம் பெரியது. அதன் மதிப்பு கொடுக்கும் நாளில் ஒன்று, கைக்கு வரும் நாளில் வேறொன்று. டெஸ்லா 2018-இல் ஈலான் மஸ்க்குக்குக் கொடுத்த பங்குத் திட்டத்துக்கு அன்று போட்ட கணக்கு 200 கோடி டாலருக்குச் சற்று மேல். எல்லா இலக்குகளையும் எட்டினால் 5,580 கோடி டாலர் வரை போகும் என்பதும் அதே திட்டம்தான். ஒருவர் முதல் எண்ணையும் மற்றவர் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டால் விடிய விடியச் சண்டை போடலாம். நீங்கள் சொல்வது கொடுத்த நாள் மதிப்பா, கையில் வந்த தொகையா என்று எழுதும்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.

அதிகாரிக்கும் நடு ஊழியருக்கும் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் வருபவர்) உள்ள சம்பள விகிதத்தை மட்டும் வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவது இன்னொரு தவறு. துப்புரவு, காவல், கிடங்கு வேலைகளை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்ட கம்பெனியின் கணக்கில் குறைந்த சம்பளக்காரர்கள் வரமாட்டார்கள், அதனால் விகிதம் தானாகவே அழகாகத் தெரியும். அங்கே யாருக்கும் சம்பளம் கூடியிருக்காது.

அப்புறம், பங்குதாரர் வாக்கு. "பங்குதாரர்களே ஒப்புக்கொண்டார்கள், உனக்கென்ன?" என்று ஒரு பக்கம், "வாக்கெல்லாம் சும்மா கண்துடைப்பு" என்று மறுபக்கம். இரண்டுமே அவசரப் பேச்சு. அமெரிக்காவில் 2011 முதல் நடக்கும் சம்பள வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான், இயக்குநர் குழுவைக் கட்டுப்படுத்தாது. பிரிட்டனில் ஊதியக் கொள்கையின் மீது மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கட்டுப்படுத்தும் வாக்கு உண்டு. அந்தந்த ஆண்டு கொடுத்த தொகை மீதான வாக்கு அங்கேயும் ஆலோசனைதான்.

பிபி எண்ணெய்க் கம்பெனியின் கதையை இங்கே பார்க்க வேண்டும். 2015-இல் கம்பெனிக்கு 650 கோடி டாலர் நஷ்டம். அதே ஆண்டுக்குத் தலைமை அதிகாரி பாப் டட்லியின் ஊதியம் சுமார் 20 சதவீதம் ஏறி, 2 கோடி டாலரை நெருங்கியது. பாதுகாப்பு, உற்பத்தி இலக்குகளை எட்டிவிட்டார், சூத்திரப்படி இதுதான் வருகிறது என்பது கம்பெனியின் விளக்கம். 2016 ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் 59 சதவீத வாக்குகள் எதிராக விழுந்தன. வாக்கு கட்டுப்படுத்தாது என்பதால் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் அடுத்த ஆண்டு அவருடைய ஊதியத்தைச் சுமார் 40 சதவீதம் குறைத்தார்கள், ஊதியக் கொள்கையையும் மாற்றினார்கள். வாக்குக்குப் பல் இல்லை, ஆனாலும் வலித்திருக்கிறது.

அங்கே முதலில் சொன்ன பதிலைக் கவனியுங்கள். கேட்டவர்கள் "இது நியாயமா?" என்றார்கள், பதில் "கணக்கு சரி" என்று வந்தது. விமர்சகருக்குப் பதில் சொல்வதில் நாமும் செய்வது இதையேதான். அவர் கேட்டதை விட்டுவிட்டு, நமக்குச் சுலபமாகப் பதில் வருகிற கேள்விக்குப் பதில் சொல்கிறோம். அல்லது வந்த பதில்களில் மிகவும் முட்டாள்தனமானதைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அடித்து நொறுக்குகிறோம்.

"சம்பளத்துக்கு ஒரு வரம்பு போட்டால் முடிந்தது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்து 1993-ஐ நினைவுபடுத்துகிறார்: அந்த ஆண்டு அமெரிக்கா, பெரிய அதிகாரிகளுக்குத் தரும் சம்பளத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்டதைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்றது, செயல்திறனோடு இணைந்த ஊதியத்துக்கு மட்டும் விலக்கு. கம்பெனிகள் பங்கு விருப்புரிமையை (முன்பே குறித்த விலைக்குப் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமையை) அள்ளிக் கொடுத்தன, மொத்தத் தொகை ஏறியது. விலக்கை நீக்க 2017 வரை ஆனது. இதற்கு "நீங்கள் முதலாளிகளின் ஆள்" என்பது பதிலே இல்லை. எந்த விலக்கும் வைக்காத வரம்பு என்று உங்கள் யோசனையைத் திருத்தலாம், அல்லது கைவிடலாம். திருத்தினால் திருத்தினேன் என்று வெளிப்படையாக எழுதுங்கள். முதலிலிருந்தே அதைத்தான் சொன்னேன் என்று நழுவுவது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"பொறாமையில் பேசுகிறாய்" என்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், அதில் பதில் சொல்ல ஒன்றுமில்லை. "உன்னிடம் ஒரு பங்காவது இருக்கிறதா?" என்பது வேறு ரகம், அதற்குப் பதில் உண்டு. ஓய்வூதிய நிதியிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ பணம் இருப்பவர்கள் தெரியாமலேயே பல கம்பெனிகளில் பங்கு வைத்திருக்கிறார்கள்; அவர்களுக்காக வாக்குப் போடுவது நிதி மேலாளர். அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகள் தாங்கள் எப்படி வாக்களித்தன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வாதத்துக்குப் போகும் முன் அந்தப் பட்டியலை ஒரு முறை புரட்டிவிட்டுப் போங்கள். உங்கள் பணமே அந்தச் சம்பளத்துக்கு 'சரி' சொல்லியிருக்கலாம்.