ஸ்லீவ் செய்தும் எடை ஏறுதா? இரண்டாவது ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன் நாம் செய்யும் தவறுகள்

எனக்கு ஸ்லீவ், அதாவது எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் போலாக்கும் ஆபரேஷன், செய்து ஐந்து வருடம் ஆகிறது. 118 கிலோவில் ஆஸ்பத்திரிக்குள் போனேன், ஒன்றரை வருடத்தில் 79-க்கு வந்தேன், இப்போது 88. பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறும்போது போன வருடத்தை விட மூச்சு வாங்கியதும், "போச்சு, எல்லாம் திரும்பி வந்துவிட்டது, பைபாஸ்தான் வழி" என்று வீட்டில் புலம்ப ஆரம்பித்துவிட்டேன். (இது இதய பைபாஸ் இல்லை, வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக்கான ஆபரேஷன்.) அக்காதான் மளிகை ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: குறைந்தது 39 கிலோ, திரும்பியது 9. கால்பங்கு கூட இல்லை.

முதல் தவறு அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, இரண்டு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொடும், அப்புறம் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் ஏறும். அந்த அடிமட்ட எண்ணையே நிரந்தர எடையாக மனதில் வைத்துக்கொண்டால் யாருமே தோற்றவர்தான். சர்க்கரையும் பிரஷரும் இன்னும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிலோவை விட அது முக்கியமான கேள்வி.

இரண்டாவது தவறு எல்லாவற்றையும் விடப் பெரியது: ஏன் ஏறியது என்று தெரியாமலேயே அடுத்த ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது. நான் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா விட்டு வயிற்றைப் பார்ப்பது) பற்றிப் பேச்சே இல்லை, பத்து நிமிடத்தில் பேக்கேஜ் விலை கையில் கொடுத்தார்கள், இந்த மாதமே செய்தால் தள்ளுபடி என்றார்கள். பல்பொருள் அங்காடியா இது? வயிற்றிலேயே காரணம் இருக்கலாம்: ஸ்லீவ் விரிந்திருக்கலாம், மேல்பகுதி அதிகமாக வெட்டாமல் விடப்பட்டிருக்கலாம், உதரவிதானம் வழியாக வயிறு மேலே ஏறியிருக்கலாம், பேண்ட் (வயிற்றின் மேல்பகுதியை இறுக்கும் வளையம்) போட்டவர்களுக்கு அது நழுவியிருக்கலாம் அல்லது வயிற்றுச் சுவரை அரித்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்க எண்டோஸ்கோப்பியும், பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டும். முதல் ஆபரேஷனின் குறிப்பும் வேண்டும். சென்னையில் செய்துகொண்டு வந்தவர்கள், கோலாலம்பூரில் செய்துவிட்டு இங்கே மாறி வந்தவர்கள், அந்தத் தாளை இப்போதே கேட்டு வாங்குங்கள், பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

வயிற்றில் காரணம் இல்லாமலும் போகலாம். என் கதை அப்படித்தான். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு தே தாரிக், வீட்டுக்கு வரும் வழியில் மாமாக் கடையில் ஒரு மைலோ ஐஸ். ஸ்லீவ் சோற்றையும் கோழியையும் தடுத்து நிறுத்தும், ஆனால் கண்டன்ஸ்ட் மில்க் போட்ட தேத்தண்ணியை நிறுத்தாது, அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முறுக்கும் அப்படித்தான், மென்று மென்று ஒரு டப்பாவையே முடிக்கலாம். இதற்குப் பைபாஸ் செய்தாலும் சில வருடத்தில் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பேன் என்று டயட்டீஷியன் முகத்துக்கு நேராகச் சொன்னார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. இன்னொன்று, ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மாத்திரைகள்கூட எடையை ஏற்றும், தைராய்டு குறைபாடும் ஏற்றும். எடுக்கும் மருந்து ஒவ்வொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நாட்டு மருந்து உட்பட.

நெஞ்செரிச்சலையும் எடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்தது. ஸ்லீவுக்குப் பிறகு சாப்பாடு எதுக்களிக்கிறது, இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் அது பைபாஸுக்கு மாற நல்ல காரணம், பலருக்கு அது நன்றாகவே அடங்குகிறது. அதை விட்டுவிட்டு ஸ்லீவையே மறுபடி சுருக்கினால் உள்ளே அழுத்தம் கூடி எரிச்சல் மோசமாகலாம். வெறும் எடைக்காக மட்டும் ஸ்லீவிலிருந்து பைபாஸுக்குப் போகிறவர்களோ, முதல் தடவை குறைந்த அளவுக்கு இந்தத் தடவையும் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் குறையாது. எரிச்சலே இல்லாதவர்களும் சில வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் அமிலம் உணவுக்குழாயைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

"போன தடவை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேனே" என்பவர்களே, இரண்டாவது தடவை வேறு. உள்ளே தழும்பு ஒட்டிக்கிடக்கும், கசிவும் ரத்தப்போக்கும் வரும் ஆபத்து முதல் தடவையை விட அதிகம். பேண்டை எடுத்துவிட்டுச் சில மாதம் ஆறவிட்டு அப்புறம்தான் அடுத்தது என்று இரண்டு கட்டமாகவும் செய்வார்கள். அதனால் டாக்டரிடம் எத்தனை ஆபரேஷன் செய்தீர்கள் என்று கேட்டால் போதாது, அதில் மறு ஆபரேஷன் எத்தனை என்று கேளுங்கள். அவர் பெயர் மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் இணையத்தில் நாமே பார்க்கலாம்.

எடை குறைக்கும் ஊசி மருந்தைப் பற்றிப் பேசாமல் நேராகக் கத்திக்குப் போவதும் சரியில்லை. செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் இப்போது கொடுக்கப்படுகின்றன. மாதாமாதம் பணம் போகும், நிறுத்தினால் பசி திரும்பும், அது உண்மைதான். ஆனால் ஆபரேஷனைப் போல மாற்ற முடியாத முடிவு கிடையாது. டெலிகிராமில் விற்கிறவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் போகவே கூடாது. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, புரோட்டீன் எல்லாம் ஏற்கெனவே குறைந்திருக்கும் உடம்பில் பைபாஸ் செய்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 சீக்கிரம் இறங்கும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பருப்பு, தயிர், டோஃபு என்று திட்டம் போட்டுத் தருவார்கள். சிகரெட்டும், முழங்கால் வலிக்கு நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் மாத்திரைகளும் பைபாஸ் இணைப்பில் புண் வரவைக்கும்.

மெடிக்கல் கார்டை (மருத்துவக் காப்பீட்டை) நம்பி நாள் குறிக்காதீர்கள். எடைக்கான ஆபரேஷன் பெரும்பாலான கார்டுகளில் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். பேக்கேஜ் விலையில் கசிவு ஏற்பட்டு ஐசியுவில் கிடந்தால் அந்தச் செலவும் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவும் யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. விடாமல் வாந்தி, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, கறுப்பாக மலம் போகிறது என்றால் யோசிக்க வேண்டாம், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். வாந்தி தொடர்ந்தால் தையமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பையும் மூளையையும் தாக்கலாம்.

எனக்கு எண்டோஸ்கோப்பியில் ஸ்லீவ் நன்றாகவே இருந்தது. இப்போதைக்கு பைபாஸ் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாமல். முதல் வாரம் கஷாயம் குடிக்கிற மாதிரிதான் இருந்தது.