கீமோ பெறும் மார்பகப் புற்றுநோயாளியின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பது எப்படி?

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகக் காலடி வைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, செல்லுக்குள் ஓர் எலக்ட்ரானைப் பெற்று, அதை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டுத் தன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. எலக்ட்ரானை வாங்கிய ஆக்சிஜன் சூப்பர்ஆக்சைடாக மாறுகிறது. மருந்தோ அடுத்த எலக்ட்ரானுக்குத் தயாராக நிற்கிறது. இப்படிப் பெருகும் சூப்பர்ஆக்சைடு போன்ற ஃப்ரீ ராடிக்கல்களை (இணையற்ற எலக்ட்ரானோடு, எதனோடும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளை) நம் உடலின் நொதிகளும், செல்லிலேயே உள்ள குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருளும் சமாளிக்க முடியாமல் போகும் நிலையைத்தான் 1985-இல் ஹெல்முட் சீஸ் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று வரையறுத்தார். இதயத் தசை இதற்கு எளிதில் பலியாகிறது. ஒருவருக்கு வாழ்நாளில் தரப்படும் டாக்சோரூபிசினின் மொத்த அளவு, ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராமுக்குள் நிறுத்தப்படுவது இதனால்தான்.

ராடிக்கல்களை நேரடியாகப் பிடிப்பது கடினம். அவை செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும்போது உண்டாகும் மாலோன்டைஆல்டிஹைடை அளப்பது எளிது. அது தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சேர்ந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நாம் அளக்கப்போவது அந்த நிறத்தைத்தான்.

முதல் படி, இரத்தம் எடுக்கும் நாளைத் தீர்மானிப்பது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கிடைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாகத் தரப்படுவது வழக்கமான ஒரு முறை. முதல் சுற்றுக்கு முன் ஒரு மாதிரியும், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் ஒரு மாதிரியும் எடுங்கள். அந்த முதல் மாதிரி இல்லையென்றால், பின்னால் வரும் எந்த எண்ணையும் வைத்து நாம் எதுவும் சொல்ல இயலாது; புற்றுநோயே இந்த அளவை உயர்த்தக்கூடும் என்பதால், கீமோ கூட்டியது எவ்வளவு என்பதை அதே பெண்ணின் பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும்.

இரண்டாம் படியில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பக்கத்துக் கையைத் தவிர்த்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் இரத்தம் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. ரோஜா நிறம் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அவற்றின் இரும்பே கொழுப்பைச் சிதைத்து அளவைப் பொய்யாக உயர்த்தும் என்பதால் அந்த மாதிரியைப் பயன்படுத்தக் கூடாது. கீமோவால் நரம்பு கிடைக்காமல் பலமுறை ஊசி குத்துப்பட்ட கையிலிருந்து வந்த இரத்தம் அது. நம் அவசரத்தால் அது வீணாகிவிடக் கூடாது. அன்றே சோதிக்க முடியாவிட்டால் மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள்.

அடுத்தது சோதனை. அரை மில்லிலிட்டர் பிளாஸ்மாவுடன் 20 சதவீத ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் 2.5 மில்லிலிட்டரும், 0.67 சதவீதத் தயோபார்பிட்யூரிக் அமிலம் ஒரு மில்லிலிட்டரும் சேர்த்து, கொதிநீரில் 30 நிமிடம் வையுங்கள். சூட்டிலேயே புதிதாகச் சிதைவு நிகழாமல் தடுக்க, பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சிறிதளவு முன்கூட்டியே சேர்ப்பது அவசியம். ஆறியதும் 4 மில்லிலிட்டர் என்-பியூட்டனால் விட்டு நன்கு குலுக்கிச் சுழற்றினால், இளஞ்சிவப்பு நிறம் மேலடுக்குக்கு ஏறி நிற்கும். அதை மட்டும் எடுத்து, அது ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 532 நானோமீட்டரில் அளவிடுங்கள். பிளாஸ்மா இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. வெற்றுக் குழாயின் அளவைக் கழித்த பின் 0.078 கிடைத்தால், அதை இந்த இளஞ்சிவப்புப் பொருளின் மோலார் ஒளி உறிஞ்சு எண்ணான 1,56,000 ஆல் வகுத்தால் 0.5 மைக்ரோமோலார். அரை மில்லிலிட்டர் பிளாஸ்மாவின் நிறம் 4 மில்லிலிட்டரில் பரவியிருப்பதால் எட்டால் பெருக்க வேண்டும். விடை 4 மைக்ரோமோலார். பிலிருபினும் சில சர்க்கரைகளும் இதே அமிலத்துடன் வினைபுரியும் என்பதால், இந்த எண் முழுவதும் மாலோன்டைஆல்டிஹைடு என்று எழுதிவிடாதீர்கள். ஒரே நோயாளியின் எல்லா மாதிரிகளையும் ஒரே நாளில், ஒரே கரைசலில் சோதிப்பதும் முக்கியம்.

அளவு உயர்ந்திருப்பதைக் கேட்டதும், விட்டமின் மாத்திரை சாப்பிடலாமா என்று நோயாளிகள் நம்மிடம் கேட்பார்கள். ஆய்வகத்தில் இருப்பவர்கள் அதற்குச் சரி என்று சொல்லக் கூடாது. அமெரிக்காவில் 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்ட்டி ஆக்சிடன்ட் மாத்திரைகள் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகக் காணப்பட்டது. அப்படி எடுத்தவர்கள் சிலரே என்பதால் அது இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வியைப் புற்றுநோய் மருத்துவரிடமே அனுப்பிவையுங்கள்.