நடுவயதில் ட்ரக் ஓட்ட வருபவர்கள் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்து, நாற்பது வயதைக் கடந்த பிறகு என்ன தொழில் பழகுவது என்று யோசிக்கும் நம்மவர்களில் பலர் ட்ரக் ஓட்டும் வேலையை எண்ணிப் பார்க்கிறார்கள். அது நல்ல எண்ணம்தான். ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் நான் வேலை செய்த தொழிற்சாலை 2020 இல் மூடப்பட்டபோது எனக்கு 47 வயது. அடுத்த ஆண்டு, ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக்குகளை ஓட்டுவதற்கான ஏ.செட். லைசன்ஸ் எடுத்தேன், இன்று வரை அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. ஆனால் முதல் வேலையில் சேர்ந்த அன்று நான் வைத்த ஒரு கையெழுத்து எங்கள் வீட்டின் இரண்டு வருட நிம்மதியைத் தின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லைசன்ஸ் எடுக்கும் படிகளைப் பயிற்சிப் பள்ளிகளே சொல்லித் தரும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் எத்தனை வருடம் லொறி ஓட்டியிருந்தாலும், இங்கே முதலில் கார் ஓட்டுவதற்கான முழுமையான ஜி லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும். பின்னர் கண் பரிசோதனை, மருத்துவ அறிக்கை, எழுத்துப் பரீட்சை, 2017 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி, அதன்பின் வீதிப் பரீட்சை. பயிற்சிக்குச் சில ஆயிரம் டொலர் செலவாகும். பணம் கட்டும் முன் அது பதிவு பெற்ற தொழிற்கல்லூரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு மருத்துவ அறிக்கை முக்கியம்: 46 வயதுக்குக் கீழ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கப்படுவது, 46 முதல் 64 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கப்படும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்னரே குடும்ப வைத்தியரோடு பேசிவிடுங்கள்.

லைசன்ஸ் கிடைத்தவுடன் வேலை தேடி வரும் என்று நினைத்தேன். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். அனுபவம் இல்லாத சாரதிக்குக் காப்புறுதி எடுப்பது கடினம் என்றார்கள். நாற்பத்தெட்டை எட்டிக்கொண்டிருந்த, வீட்டுக்கடன் கட்டும் ஒருவனுக்கு அந்த மூன்று மாதக் காத்திருப்பு மிகவும் நீண்டது. அந்த நேரத்தில்தான் தமிழர் ஒருவர் நடத்திய சிறிய கொம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. “அண்ணை, அனுபவம் பிரச்சினை இல்லை. உங்கட பேரில ஒரு கொம்பனி பதிஞ்சிட்டு வாங்கோ. கழிவு ஒண்டும் இல்லை, முழுக் காசும் உங்கட கையில தருவம்” என்றார்கள். பதிவு செய்து தரும் கணக்காளரையும் அவர்களே காட்டினார்கள். ஒரே வாரத்தில் நான், எனக்கென்று ஒரு ட்ரக்கூட இல்லாமல், ஒரு கொம்பனியின் தலைவர் ஆனேன்.

நான் ஏன் எதையும் கேட்கவில்லை என்று மனைவி பின்னர் பல தடவை கேட்டிருக்கிறார். என் பெரியப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காய மூட்டை ஏற்றிய லொறிச் சாரதி. எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் இருபது வருடம் ஒரே முதலாளியிடம் இருந்தார். அவர் கால் முறிந்து கிடந்த மூன்று மாதமும் முதலாளி வீட்டுக்கு அரிசியும் காசும் அனுப்பினார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டால் மற்றதை முதலாளி பார்ப்பார் என்பதுதான் நான் கண்டு வளர்ந்த ஒழுங்கு. அதனால், ஒரு தமிழர் அண்ணை என்று கூப்பிட்டு வேலை தரும்போது கடிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினேன். இங்கே அப்படி எண்ணக் கூடாது. நல்ல முதலாளி கடிதத்தைத் தானே எடுத்து நீட்டுவார்.

பதினான்கு மாதம் ஓட்டினேன். ட்ரக் அவர்களுடையது, எரிபொருளும் காப்புறுதியும் அவர்களுடையவை, எந்தச் சுமையை எத்தனை மணிக்கு எங்கே இறக்க வேண்டும் என்று சொல்வதும் அவர்களே. எனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பவோ ஒரு சுமையை மறுக்கவோ எனக்கு உரிமை இருக்கவில்லை. 2023 ஜனவரியில், சட்பரிக்கு அருகே ஒரு களஞ்சிய முற்றத்தில் ட்ரெயிலர் கதவைத் திறக்கும்போது பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ட்ரக்கை எடுத்துவர வேறொரு சாரதியை அனுப்பினார்கள். என்னை மனைவியும் மைத்துனரும் ஐந்து மணி நேரம் ஓடி வந்து கூட்டிச் சென்றார்கள்.

அதன் பின்னர்தான் அந்தக் கையெழுத்தின் பொருள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனும் வேலைத்தல விபத்துக் காப்புறுதி ஊழியருக்குத் தானாகவே உண்டு; தன் சொந்தக் கொம்பனியின் தலைவருக்கு, அவர் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. நான் வாங்கியிருக்கவில்லை. நடைமுறையில் நான் ஊழியன்தான் என்று வாதாடி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைத்திருக்கலாம். அதை அறிந்தபோது அந்தக் காலம் கடந்திருந்தது. ஈ.ஐ. என்று நாம் சொல்லும் வேலைக் காப்புறுதியும் இல்லை. ஒரு கொம்பனியின் வாக்குரிமைப் பங்குகளில் 40 வீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் அங்கே செய்யும் வேலைக்கு அது பொருந்தாது, என்னிடம் இருந்ததோ நூறு வீதம். கடைசி ஐந்து வாரக் காசையும், ட்ரக்கை மீட்ட செலவு என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள்.

வரி விடயம் அதைவிடக் கனமானது. சிறு வணிகங்களுக்கு ஒன்ராறியோவில் கொம்பனி வரி 12.2 வீதம்தான் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். ஆனால் நடுவில் நிற்கும் அந்தக் கொம்பனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் வெறும் ஊழியராகத் தெரிவீர்கள் என்றால், வருமானவரிச் சட்டம் அதை வேறு வகையில் சேர்க்கிறது. அந்த வகைக்குச் சிறு வணிகச் சலுகை கிடையாது, வரி 44.5 வீதம், கழிக்கக்கூடிய செலவுகளும் மிகக் குறைவு. அதோடு, கொம்பனியின் வருமானம் 30,000 டொலரைக் கடந்ததால் எச்.எஸ்.டி. எனும் விற்பனை வரி 13 வீதம் எனக்குத் தனியாகத் தரப்பட்டது. அது அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு. நான் அதையும் சம்பளத்தோடு சேர்த்து எண்ணி, மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கட்டி முடிக்கப் பதினாறு மாதம் ஆனது.

இளவயதினர் இதைத் தாங்கி எழுந்துவிடலாம், நமக்கு அத்தனை காலம் இல்லை. ஊரில் சம்பளத்துக்கு இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சேமலாப நிதிக்கு நம் சம்பளத்திலிருந்து 8 வீதம் போனபோது முதலாளி தன் பங்காக 12 வீதம் போட்டார். இங்கே கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு நீங்கள் கட்டும் அளவையே முதலாளியும் கட்ட வேண்டும். ‘கழிவு இல்லை’ என்றால் அவருடைய பங்கும் இல்லை. முழுமையான முதியோர் ஓய்வூதியம் பெற 18 வயதுக்குப் பின் இங்கே 40 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்தில் வந்தவருக்கு அது எட்டாது. எனவே வேலை செய்யும் ஒவ்வொரு வருடமும் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் பதிவாக வேண்டும். இவற்றோடு விடுமுறைச் சம்பளம், மாகாண எல்லை தாண்டி ஓடுவோருக்கு 2022 டிசம்பர் முதல் ஆண்டுக்குப் பத்து நாள் வரை கிடைக்கும் சம்பளத்துடனான மருத்துவ விடுப்பு, வாரம் அறுபது மணிக்கு மேல் நெடுந்தூரம் ஓடினால் வர வேண்டிய மேலதிகச் சம்பளம் ஆகியவற்றையும் அந்த ஒரு கையெழுத்தில் இழக்கிறோம்.

சொந்த ட்ரக் வாங்கி, தனக்கான சுமையைத் தானே தெரிந்து ஓடுபவர் கொம்பனி பதிவது முறையான வணிகம். நான் குறை சொல்வது அதை அல்ல. மற்றவருடைய ட்ரக்கை, மற்றவர் சொல்லும் நேரத்தில் ஓட்டுபவரை ஊழியர் அல்ல என்று காட்டுவது, மாகாணங்களுக்கு இடையே ஓடும் கொம்பனிகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் கனடா தொழிற்சட்டத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2024 ஜூன் 20 முதல், ஒருவர் ஊழியர் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையதே. ஆகவே முதல் சந்திப்பிலேயே, “ஆண்டு முடிவில் ரி-4 தருவீர்களா?” என்று நேராகக் கேளுங்கள்; ரி-4 என்பது முதலாளி தன் ஊழியருக்குத் தரும் வருடாந்தச் சம்பளப் பத்திரம். ஆம் என்றால் வேலைக் கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கட்டும். இல்லை என்றாலோ, பிறகு பார்ப்போம் என்றாலோ, பயிற்சிக் கடன் எவ்வளவு இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அனுபவமற்றவரைச் சம்பளத்துக்கு எடுத்து, முதல் சில வாரங்கள் மூத்த சாரதியோடு அனுப்பும் நிறுவனங்கள் உண்டு; ஊதியம் சற்றுக் குறைவாக இருக்கும். நான் இப்போது அப்படியொரு நிறுவனத்தில்தான் வின்னிபெக் வரை ஓடுகிறேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓட்ட நேரப் பதிவுகளை நிறுவனம் ஆறு மாதம் மட்டுமே வைத்திருக்கக் கடமைப்பட்டது. சம்பள நிலுவைக்கான முறைப்பாட்டையும் காசு தர வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனவே பதிவுகளையும், சுமை பற்றி வந்த குறுஞ்செய்திகளையும், வங்கி வரவுகளையும் வாராவாரம் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். நான் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்த ஐந்து வாரக் காசும் விடுமுறைச் சம்பளமும் திரும்பக் கிடைத்தன. ஊழியரா இல்லையா என்று தீர்மானிக்கும்படி கனடா வருமானவரி முகமையைக் கேட்பதற்குச் சி.பி.ரி.-1 என்ற படிவம் இருக்கிறது. ஒரு வருடத்து வேலைக்கு அடுத்த வருடம் ஜூன் 29 வரைதான் கேட்க முடியும். 2022 இல் ஓட்டியதற்கான என்னுடைய படிவத்தை, கட்டுப்போட்ட கையோடு எழுத முடியாமல் மகள் நிரப்பித் தர, ஏப்ரலிலேயே அனுப்பினேன். நான் ஊழியன்தான் என்ற பதில் அந்த ஆண்டு முடியும் முன் வந்தது.