வேலூர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்கும் சதைப்பற்றுச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வடாற்காட்டு வீடுகளில் சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, திருஷ்டிக்காக வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதோடு, நுனியை மெல்ல மேல்நோக்கி வளைத்துக்கொண்டு வளரவும் செய்கிறது. நர்சரிகளில் ‘சக்குலன்ட்’ என்று விற்கப்படும் சதைப்பற்றுச் செடிகளின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கற்றாழையே போதும். இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்துக்கொள்ளும் இச்செடிகளில் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை அமிலமாக மாற்றி வைத்திருந்து, மறுநாள் வெளிச்சம் வந்தபின் உணவாக்கிக்கொள்கின்றன.

பகல் வெயிலைக் காட்டிலும் இரவின் குளிர்ச்சியே சில வகைகளுக்கு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். ரோஜாப்பூவை விரித்து வைத்ததுபோல் அழகாக இருக்கும் எச்செவேரியாவின் தாயகம் பெரும்பாலும் மெக்சிகோவின் உயர்ந்த மலைப்பகுதிகள். அங்கே பகல் எப்படி இருந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். வேலூரிலோ கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சூட்டை மொட்டைமாடித் தளமும் சுவரும் வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை கக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மலையூரில் வாங்கிவந்த ஆறு எச்செவேரியாக்களில் சித்திரை முடிவதற்குள் நான்கை நான் இழந்தேன். இலை சுருங்கியதைத் தாகம் என்று நினைத்து, வெயிலில் ஓய்ந்துகிடந்த செடிக்கு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியதுதான் நான் செய்த பிழை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எச்செவேரியாவையும் அதைப்போன்ற வெளிர்நிற ரோஜா வடிவ வகைகளையும் முதல் ஆண்டில் வாங்காமல் இருப்பது நல்லது.

செடியைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வைக்கப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது, அது காலை வெயிலா பிற்பகல் வெயிலா, மழை நேராக விழுமா, அடைமழை வந்தால் தொட்டியைத் தூக்கி உள்ளே வைக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால், வாங்க வேண்டிய செடிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். மேற்குப் பார்த்த மாடியும் கிழக்குப் பார்த்த திண்ணையும் ஒரே தெருவில் இருந்தாலும் செடிகளுக்கு அவை வேறு வேறு ஊர்கள்தான்.

முழு வெயில் விழும் மாடிக்கு என் முதல் தேர்வு அடீனியம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளரும் இச்செடி, பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மற்ற பூச்செடிகள் கருகும் பங்குனி, சித்திரையில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். மார்கழிக் குளிரில் இலையை உதிர்த்துவிட்டால் செத்துவிட்டதாக எண்ணிப் பிடுங்கிவிடக் கூடாது. அடித்தண்டை அழுத்திப் பார்க்கும்போது கெட்டியாக இருந்தால் அது உறங்குகிறது என்று பொருள், அப்போது தண்ணீரைக் குறைத்தால் போதும். தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் கிழங்கை மண்ணுக்குமேல் ஓரிரு விரற்கடை உயர்த்தி நட்டால், சில ஆண்டுகளில் சிறிய ஆலமரம்போல் வடிவம் வந்துவிடும். அடுத்ததாகச் சொல்லத்தக்கது போர்ட்டுலக்காரியா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் இச்செடியை நம் நர்சரிகளில் ‘ஜேட்’ என்றே சொல்லி விற்பதுண்டு. உண்மையான ஜேட் இலை பெரிது, கிளையும் தடித்தது. அதற்கு நம் பிற்பகல் வெயில் ஆகாது, காலை வெயில் மட்டும் படும் இடம் வேண்டும். போர்ட்டுலக்காரியாவுக்கு அந்தக் கவலை இல்லை. பத்துமணிப் பூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளி ஊன்றினால் வரும்.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்த இடத்தில் நிலைத்து நிற்பவை ஸ்னேக் பிளான்ட்டும் இசட்-இசட் செடியும்தான். வரிவரியான குட்டிக் கற்றாழைபோல் இருக்கும் ஹவோர்த்தியாவை ஜன்னலோரம் வைக்கலாம். மற்றவை அறைக்குள் நீண்டு வெளுத்து ஒடிந்துவிடும். வரவேற்பறை மேசைக்கு என்று கள்ளிகளை வாங்குவது வீண்செலவு.

தோட்டத்தில் மண்ணில் நேராக நடுவதற்கு வெளிநாட்டுச் செடிகளைத் தேட வேண்டிய தேவையே இல்லை என்பது என் எண்ணம். பிரண்டையும் மருளும் சதுரக்கள்ளியும் நம் வறண்ட நிலத்துக்கே உரிய சதைப்பற்றுச் செடிகள்தான். ஸ்னேக் பிளான்ட்டுக்கு நெருங்கிய உறவான மருளில் ஒரு காலத்தில் நார் எடுத்தார்கள். அதைச் சுவரோரம் வரிசையாக வைத்தால், காசு கொடுத்து வாங்கும் எந்தச் செடிக்கும் அழகில் குறையாது. பிரண்டையை வேலியில் ஏற்றிவிட்டால் துவையலுக்கும் ஆகும். சப்பாத்திக்கள்ளியை மட்டும் தரையில் நடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அது தென்னிந்தியாவில் காடாகப் பரவியதால், அதைத் தின்று அழிக்கும் ஒரு வகைச் செதில்பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

உண்மையில் நம் பகுதியில் இச்செடிகள் மிகுதியாகச் சாவது கோடையில் அல்ல, மழைக்காலத்தில். ஆடி, ஆவணியில் மாலைநேர இடிமழை, பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் விடாத அடைமழை என்று வேர் காயவே இடம் கிடைப்பதில்லை. ஆகவே மண் கலவைதான் காப்பு. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய எரு, இரண்டு பங்கு பருமணலோ உடைத்த செங்கல் துண்டுகளோ சேர்த்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்தால் போதும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் மாவுபோன்ற துகளைச் சலித்து நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமென்ட்போல் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல. தொட்டி மண்தொட்டியாக, அடியில் துளையுடன் இருக்க வேண்டும். அதைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால் கோடைச் சூடும் ஏறாது, மழைநீரும் தேங்காது.

தண்ணீருக்கு நாள்கணக்கு கிடையாது. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் மட்டும், துளை வழியே வெளியேறும் அளவுக்கு ஒரே முறையாக ஊற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை மாலையில் வாளியில் பிடித்து ஆறவைத்த பின் ஊற்றுவது நல்லது.

நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காமல், செடியின் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் இல்லை, அல்லது அழுகிவிட்டது. கீழிலைகள் கண்ணாடிபோல் தெளிந்து கொழகொழத்திருந்தாலும், இலையிடுக்கில் பஞ்சுபோன்ற மாவுப்பூச்சி இருந்தாலும் வாங்க வேண்டாம். பச்சைத் தண்டின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை வைத்த கள்ளி ஒட்டுக்கட்டியது. அந்த உருண்டைக்குத் தானாக உணவு தயாரிக்கும் பச்சையம் இல்லாததால் நெடுநாள் நிற்காது. சாயம் பூசிய கள்ளிகளையும் கூழாங்கல்லைப் பசையிட்டு ஒட்டிய தொட்டிகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழந்தைகளோ ஆடு மாடுகளோ இருக்கும் வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. சதுரக்கள்ளி முதலிய பால்கள்ளிகளின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைப் பாதிப்பும் உண்டாகும். அடீனியத்தின் சாறும் நஞ்சு. கிளையை வெட்டும்போது கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெட்டிய துண்டை உடனே நடாமல், காயம் உலர்ந்து தோல்போல் மூடும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட்டு வைத்துவிட்டு நட்டால் அழுகாது.

வாங்குவதற்கும் நடுவதற்கும் ஏற்ற காலம் தை, மாசி. அடைமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. கத்திரி தொடங்குமுன் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். நர்சரியின் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து, பிறகு சிறிது சிறிதாக முழு வெயிலுக்கு நகர்த்துங்கள்.