வசனம் எழுதாமல் ஒரு படம்: இளம் நடிகர்கள் சேர்ந்து எடுப்பது எப்படி

'ஸ்பாட்டில் பேசிக்கலாம்' என்று கிளம்பும் படங்கள் பெரும்பாலும் எடிட்டில் படுத்துவிடும். வசனத்தை நடிகர் வாய்க்கு விடலாம், சம்பவத்தை விடக்கூடாது. சீன் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எது நடந்ததும் முடிகிறது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 20 நிமிடப் படம், நான்கைந்து நடிகர்கள், பத்து சீன் போதும். மொத்தமும் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் ரிகர்சல். இயக்குபவர் ஒவ்வொரு நடிகரோடும் தனியாக உட்கார்ந்து பாத்திரத்தை வளர்க்க வேண்டும். சீன் அன்று ஆளுக்கொரு சீட்டு. உதாரணமாக, அக்கா வீட்டை விட்டுப் போகிறாள், தம்பிக்குத் தெரியாது. அக்கா சீட்டில்: 'தட்டைக் கழுவி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.' தம்பி சீட்டில்: 'அவளிடம் பணம் கேட்க வேண்டும்.' அவன் கட்டிலுக்கடியில் பெட்டியைப் பார்த்ததும் சீன் முடிகிறது. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. தெரிந்துவிட்டால் தம்பியின் முகம் முதல் நிமிடத்திலேயே சோகமாகிவிடும்.

முதல் டேக்கை எட்டுப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பாதி குப்பையாகத்தான் இருக்கும். உடனே போட்டுப் பார்த்து, உயிருள்ள இடங்களை உதவி இயக்குநர் நேரத்தோடு குறிக்கட்டும். அவற்றை மட்டும் நினைவூட்டி அடுத்த டேக்கை நான்கு நிமிடமாகவும், அதற்கடுத்ததை இரண்டாகவும் சுருக்குங்கள். நல்ல வரிகளை எழுதிக் கையில் கொடுத்துவிடாதீர்கள், ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லாக் குழுவிலும் வரும் வியாதி கத்தல். என்ன பேசுவதென்று தெரியாதபோது கோபம்தான் கைக்கு எளிதாகக் கிடைக்கும். 'இந்த டேக்கில் யாரும் குரல் உயர்த்தக்கூடாது' என்று சொல்லி, கைக்கு வேலை கொடுங்கள். தட்டு கழுவுகிறவள் அழுத்தித் தேய்த்தாலே கோபம் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தட்டே கன்டின்யுட்டியில் (டேக்குக்கு டேக் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்) கழுத்தறுக்கும்: எந்த வரியில் குழாயை மூடினாள், துணி எந்தக் கையில் இருந்தது என்று ஒருவர் குறித்தே ஆக வேண்டும்.

இரண்டு கேமரா இருந்தால் நல்லது. இரண்டும் நடிகர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கட்டும். ஒன்று பேசுபவர்மேல், மற்றது கேட்பவர்மேல். கேட்பவர் முகம்தான் எடிட்டரைக் காப்பாற்றும், இழுவையான பேச்சை வெட்டிவிட்டு அங்கேதான் தாவ முடியும். ஒரே கேமரா என்றால் எல்லோரும் தெரியும் வைடில் முழுதாக எடுத்துவிட்டு, தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் குளோஸ்-அப்பில் திரும்ப நடிக்கச் சொல்லுங்கள். குளோஸ்-அப்பில் எதிராளி குறுக்கே பேசினால் அந்த ஒலியை வெட்டவே முடியாது.

ஆளுக்கொரு லேப்பல் மைக் (சட்டையில் குத்தும் சின்ன மைக்), தனித்தனி டிராக், ஒலிப்பதிவின் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். டேக்குக்கு முன் கிளாப். இடத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் 30 விநாடி வாயை மூடி ரூம் டோன், அதாவது பேச்சில்லாத அந்த இடத்தின் ஒலி, பதிவு செய்யுங்கள். ஐபோனில் ஹை எஃபிஷியன்சி முறையில் 4கே, 30 பிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. இரண்டு போனில் தலா 2 மணி நேரம் ஓடினால் சுமார் 40 ஜிபி. இரண்டு டிரைவில் ஏற்றிய பிறகே அழியுங்கள்.

அடி, முத்தம், தள்ளுமுள்ளு எதையும் இம்ப்ரவைஸ் (அந்த நேரத்தில் தோன்றியபடி) செய்யக்கூடாது, முன்பே அசைவு அசைவாகப் பேசி வைத்ததுதான் நடக்க வேண்டும். டேக்கை நிறுத்தும் சொல்லாக 'நிறுத்து' வேண்டாம், பாத்திரமே அதைச் சொல்லும். 'பூசணிக்காய்' போல ஒன்று. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம். கதை, வசனம் யார் பெயரில் என்பதையும் முதல் ஷாட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். வசனம் எல்லோருடையதும்தானே.

எடிட் செய்த முதல் கட் பார்த்ததும் எங்கோ ஒரு தகவல் விட்டுப்போயிருப்பது தெரியும். அதை எடுக்கவென்று இரண்டு நாள் படப்பிடிப்பு ஒதுக்கி வையுங்கள். அதுவரை யாரும் முடி வெட்டக்கூடாது.