ஜகாலோவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜனவரி 5 அன்று பிரேசிலின் கால்பந்து ஜாம்பவான் மரியோ ஜகாலோ இறந்தார். இரண்டே நாளில், 7-ஆம் தேதி, ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவர். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த அஞ்சலிப் படங்களில் ஒரு வேடிக்கை. இரண்டு பேர் படத்துக்குக் கீழேயும் ஒரே வரி: "ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்ற முதல் மனிதர்." முதல் ஆள் ஒருத்தர்தானே இருக்க முடியும்?

அது ஜகாலோ. 1958-லும் 1962-லும் ஆடி வென்றார். 1970-இல் பயிற்சியாளராக வென்றார். பெக்கன்பவருக்கு அந்த இரட்டை 1990-இல்தான் கிடைத்தது, பிரான்சின் டெஷாம்ப்ஸுக்கு 2018-இல். குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் வென்ற முதல் ஆள் பெக்கன்பவர். ஜகாலோ கேப்டனாக இருந்ததில்லை. 1958-இல் கோப்பையைத் தூக்கியவர் பெலினி, 1962-இல் மௌரோ. "கேப்டன்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒருவருடைய பெருமை இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

இதையொட்டியே இன்னொரு கணக்குத் தவறு. "நான்கு உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர்" என்று எழுதுகிறார்கள். நான்கு சரி, பயிற்சியாளர் தவறு. ஆட்டக்காரராக இரண்டு, பயிற்சியாளராக ஒன்று. நான்காவது 1994. அன்று பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பர்டோ பரெய்ரா. ஜகாலோ அவரோடு இருந்த தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். பரெய்ரா 1970-இல் ஜகாலோவின் உடற்பயிற்சிக் குழுவில் இருந்த இளைஞர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த நான்காவதின் ருசி தெரியும்.

சரி, இவையெல்லாம் எண்களில் வரும் பிழை, திருத்திவிடலாம். என்னை உறுத்துவது வேறு. "பெலே, கரிஞ்சாவோடு ஆடினார், பெலேயை வைத்துக் கோப்பை வாங்கினார், அதிர்ஷ்டக்காரர்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். இந்தத் தவறைச் செய்பவர்கள் ஜகாலோ களத்தில் என்ன செய்தார் என்று பார்த்ததே இல்லை என்பேன்.

1958-இல் உலகக் கோப்பைக்காகப் பிரேசில் ஸ்வீடனுக்குப் போனபோது அவர்கள் ஆட்டமுறை 4-2-4. பின்னால் நான்கு பேர், முன்னால் நான்கு பேர், நடுவில் ஸிட்டோவும் டிடியும் மட்டும். பார்க்க அழகு, ஆனால் எதிரணியிடம் பந்து போனால் நடுவே மைதானம் காலியாகக் கிடக்கும். இடது விங்கராக, அதாவது இடது ஓரத்து முன்கள ஆளாக, ஆடிய ஜகாலோ அந்த இடத்தை நிரப்பினார். பந்து நம்மிடம் இருந்தால் கோட்டோரம் ஓடுவார். பறிபோன மறுகணம் திரும்பி நடுக்களத்துக்கு ஓடி வந்து மூன்றாவது ஆளாக நிற்பார். வலது பக்கம் கரிஞ்சா அந்தக் கவலையே இல்லாமல் ஆளை ஏமாற்றிக்கொண்டிருந்தாரே, அந்தச் சுதந்திரத்துக்கு இடது பக்கத்தில் ஒருவர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். 4-2-4 அவர் காலடியில் 4-3-3 ஆனது. பிரேசில்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபொர்மிகின்யா', அதாவது குட்டி எறும்பு. அதிர்ஷ்டக்காரனுக்கு யாரும் எறும்பு என்று பெயர் வைப்பதில்லை.

அவர் எப்போதாவது கோலும் போடுவார் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டாக்ஹோம் அருகே ராசுண்டா மைதானத்தில் நடந்த 1958 இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் நான்காவது கோல் அவருடையது, முடிவு 5-2. 1962-இல் சிலியில் மெக்சிகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதல் கோலும் அவர்தான். அடுத்த ஆட்டத்தில் பெலே காயம்பட்டு வெளியேறிய பிறகும் அந்த அணி கோப்பையை வென்றது. "பெலே இல்லாவிட்டால் ஜகாலோ யார்" என்று கேட்பவர்களுக்கு 1962 ஒன்றே போதும்.

அப்புறம் 1970. இங்கேதான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன.

முதலாவது: "சல்தான்யா கட்டிய அணியை ஜகாலோ அப்படியே வாங்கிக்கொண்டார்." ஜகாலோவுக்கு முன் பிரேசில் பயிற்சியாளராக இருந்த ஜோவாவ் சல்தான்யா பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட். 1969 தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி, 23 கோல் போட்டு இரண்டே இரண்டு வாங்கினார்கள். 1970 மார்ச்சில், உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், அவரை நீக்கிவிட்டு ஜகாலோவைக் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சல்தான்யா காலத்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சில வாரங்களில் ஜகாலோ கை வைத்த இடங்களைப் பாருங்கள். சல்தான்யா இடது ஓரத்தில் எடு என்ற அசல் விங்கரை ஆட வைத்தார். ஜகாலோ அங்கே ரிவெலினோவைப் போட்டார். ரிவெலினோ கொரிந்தியன்ஸில் 10-ஆம் எண் சட்டைக்காரர், நடுக்களத்து ஆள், விங்கரே அல்ல. ஓரத்திலிருந்து தானாகவே உள்ளே வந்து நடுக்களத்தை அடைப்பார். தெரிந்த ஆட்டமாக இருக்கிறதா? பன்னிரண்டு வருடம் முன்பு ஸ்வீடனில் தான் ஓடிய அதே தடத்தில் இன்னொருவரை ஓடவிட்டார், அவ்வளவுதான். க்ரூசெய்ரோவின் நடுக்கள வீரர் பியாசாவைத் தடுப்பாட்டத்தின் மையத்துக்கு இறக்கினார். பின்னாலிருந்தே சுத்தமாகப் பாஸ் கிளம்ப வேண்டும் என்று. பெலேயும் டோஸ்டாவும் ஒன்றாக ஆட முடியாது என்ற முணுமுணுப்பு நாடு முழுக்க இருந்தது. டோஸ்டாவை முன்னால் நிறுத்தி, கொஞ்சம் இறங்கி வந்து மற்றவர்களுக்கு வழி திறக்கும் ஆளாக்கினார். ஜெர்சன், ஜெயர்சின்யோவையும் சேர்த்துப் பார்த்தால், தத்தம் கிளப்பில் ஆட்டத்தை நடத்திய ஐந்து பேர் ஒரே அணியில். எல்லோரும் முன்னால் ஓடத்தான் ஆசைப்படுவார்கள். பந்து போனால் டோஸ்டாவைத் தவிர எல்லோரும் பந்துக்குப் பின்னால் திரும்ப வேண்டும் என்பது அந்த அணியின் சட்டம். எறும்பு போட்ட சட்டம்.

இரண்டாவது தவறு அரசியல் சம்பந்தப்பட்டது: "ராணுவ ஆட்சி நட்டுவைத்த பொம்மை ஜகாலோ." அதிபர் மெடிசிக்கு அட்லெடிகோ மினெய்ரோவின் டாரியோ பிடிக்கும், அவரை அணியில் சேர்க்கச் சொல்லி நெருக்கடி வந்தது, சல்தான்யா வளையவில்லை என்பது பலரும் அறிந்த கதை. அதில் உண்மை இருக்கிறது. கூடவே சல்தான்யா பெலேயின் கண்பார்வையைச் சந்தேகித்துப் பேசியதும், தன்னை விமர்சித்த ஃப்ளமெங்கோ பயிற்சியாளரைத் தேடித் துப்பாக்கியோடு போனதும் நடந்தவை. நீக்கத்துக்கு ஒரே காரணம் என்று எதையும் தனியாகப் பிரித்து வைக்க முடியாது. ஜகாலோ டாரியோவை அணியில் சேர்த்தார்தான். ஆனால் மெக்சிகோவில் டாரியோ ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. எழுதும்போது இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

அந்த அணியை ஒரு கோலில் பார்க்க வேண்டுமென்றால் இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் 86-வது நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். யூடியூபில் எல்லோரும் கார்லோஸ் ஆல்பர்டோ அடித்த கடைசி உதையை மட்டும் பார்க்கிறார்கள், அதுவும் ஒரு தவறு. முதலில் டோஸ்டாவைத் தேடுங்கள். முன்கள ஆள் நம் பாதியில் இறங்கி நின்று பந்தை மீட்க உதவுகிறார். க்ளோடோவால்டோ நான்கு இத்தாலியர்களைச் சுற்றிவிட்டு ரிவெலினோவிடம் தருகிறார். ரிவெலினோ இடது கோட்டோரமாக ஜெயர்சின்யோவுக்கு நீளமாக அனுப்புகிறார். இங்கே நிறுத்துங்கள். ஜெயர்சின்யோ வலது விங்கர். இடது பக்கத்தில் அவருக்கு என்ன வேலை? இத்தாலியின் ஃபக்கெட்டி ஆளோடு ஆளாக அவரை ஒட்டிக்கொண்டே திரிபவர். ஜெயர்சின்யோ இடது பக்கம் போனால் ஃபக்கெட்டியும் வருவார், வலது ஓரம் காலியாகும். காலியாயிற்று. ஜெயர்சின்யோ உள்ளே வெட்டி பெலேயிடம் கொடுக்க, பெலே பார்க்காமலே வலது பக்கம் மெதுவாக உருட்டிவிட, அந்தக் காலி இடத்தில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் ஆல்பர்டோ ஓடி வந்து அடித்தார். 4-1. இதைப் பார்த்துவிட்டு "திறமைசாலிகளை அவிழ்த்துவிட்டார், அவர்களே ஆடிக்கொண்டார்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே போட்டியின் காலிறுதியில் பெருவின் பயிற்சியாளர் இருக்கையில் இருந்தவர் டிடி. 1958-இல் ஜகாலோ ஓடி ஓடி யாருக்குத் துணை நின்றாரோ அதே டிடி. பிரேசில் 4-2 என்று வென்றது. அப்போது ஜகாலோவுக்கு வயது 38. ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து அவரைக் கிழவராகக் கற்பனை செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்து, 1970-இலிருந்து 1994-க்கு ஒரே தாவாகத் தாவுவது. இடையில் 1974 இருக்கிறது. பெலே தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார், டோஸ்டாவ் கண் பிரச்சினையால் ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஜகாலோ கோட்டையை அடைத்து வைத்துக்கொண்டு ஆடினார்: ஏழு ஆட்டத்தில் போட்டது ஆறு கோல், வாங்கியது நான்கு. டார்ட்முண்டில் நெதர்லாந்து 2-0 என்று வென்று இறுதி ஆட்டத்துக்குப் போகவிடாமல் தடுத்தது. மூன்றாம் இடத்தையும் போலந்து எடுத்துக்கொண்டது. எறும்புத்தனம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே காட்சி. அவர் மேல் வைக்கப்படும் நியாயமான விமர்சனம் இதுதான், ஆனால் ரசிகர்கள் இதை விட்டுவிட்டு 1998-ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அதன்பின் வளைகுடா: குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம். 1990 உலகக் கோப்பைக்கு அமீரகத்தைத் தகுதி பெற வைத்தது ஜகாலோ. இத்தாலியில் அந்த அணியை நடத்தியது பரெய்ரா. பல பட்டியல்களில் இதுவும் மாறிக் கிடக்கும்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். இரட்டை எல் இருப்பதால் ஸ்பானிய வழக்கப்படி 'ஜகாயோ' என்று படிக்கிறார்கள். பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீசியம், ஸ்பானியம் அல்ல. ஜகாலோதான். அதேபோல "1950 மாரக்கானா தோல்வியில் ஆடியவர்" என்றும் ஓரிடத்தில் படித்தேன்; பிரேசில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் உலகக் கோப்பையைப் பறிகொடுத்த ஆட்டம் அது. அன்று அவர் மைதானத்தில் இருந்தார், ஆனால் பந்தோபஸ்துக்கு வந்த 18 வயது சிப்பாயாக.

13 என்ற எண்ணின் மேல் அவருக்கிருந்த பைத்தியத்தை வைத்து அவரை மூடநம்பிக்கைக்காரக் கோமாளியாக்குவதும் சரியில்லை. அது மனைவி அல்சினாவின் புனித அந்தோணியார் பக்தியிலிருந்து வந்தது. அந்தோணியார் திருநாள் ஜூன் 13. கல்யாணமே ஒரு ஜனவரி 13-இல்தான். 58-இன் இலக்கங்களைக் கூட்டினால் 13, 94-ஐக் கூட்டினாலும் 13 என்பார். கேமராவைப் பார்த்து ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை எண்ணி, 13 வருகிறதென்று காட்டுவார். மறுபடியும் பிரேசில் பயிற்சியாளராக, 1997-இல் லா பாஸின் உயரத்தில் பொலிவியாவை 3-1 என்று வென்று தென்னமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவை எடுத்தபோது, தன்னை நீக்கச் சொன்ன விமர்சகர்களைப் பார்த்து, "நீங்கள் என்னை விழுங்கித்தான் ஆக வேண்டும்" என்று கேமரா முன் கத்தினார். நாள் ஜூன் 29. ஸ்வீடனில் முதல் கோப்பை வென்றதும் ஒரு ஜூன் 29-இல்தான். விளையாட்டாகத் தொடங்கியதை வாழ்நாள் முழுக்க விடாமல் வைத்திருந்த மனிதர், அவ்வளவுதான்.

கடைசியாக 1998, பிரான்சிடம் தோற்ற இறுதி ஆட்டம். "வலிப்பு வந்த ரொனால்டோவை ஆட வைத்து உலகக் கோப்பையைத் தொலைத்தவர்." முதலில் கொடுத்த பட்டியலில் ரொனால்டோ பெயர் இல்லை, எட்முண்டோ இருந்தார். மருத்துவமனையில் பரிசோதனை முடித்து ரொனால்டோ நேராக மைதானத்துக்கே வந்து ஆடுவேன் என்று நின்றார். பட்டியல் மாறியது. ஆட வைத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தோல்விக்கு அது மட்டும்தான் காரணம் என்றால், இடைவேளைக்குள் ஜிடானின் தலையிலிருந்து விழுந்த இரண்டு கோலும் கார்னரிலிருந்து வந்ததை என்ன செய்வது? டெஸாய்லி சிவப்பு அட்டை வாங்கி பிரான்ஸ் பத்துப் பேரான பிறகும் பிரேசில் ஒரு கோல்கூடப் போடவில்லையே? ஸ்பான்சர் கம்பெனியின் நெருக்கடி என்ற கதையைப் பிரேசில் நாடாளுமன்ற விசாரணைவரை கொண்டுபோனார்கள், ஜகாலோவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நிரூபணம் எதுவும் வரவில்லை. அதை உறுதியான செய்தி போல எழுதாதீர்கள்.

பாரிஸ் அருகே அந்த ஆட்டம் தொடங்கியபோது இரவு ஒன்பது மணி, ஜூலை 12. இந்தியாவில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. கண்விழித்துப் பார்த்த நமக்குத்தான் அது 13-ஆம் தேதி.