பாப்பா பல்லில் கறுப்புக் கோடு

ஒன்றரை வயது மகளுக்கு மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிக் கறுப்பாகக் கோடு விழுந்தது. உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்ததும், "சொத்தை விழுந்துருச்சு, உப்பும் கரியும் வச்சுத் தேய்ச்சு விடுத்தா" என்றார். பால்பல்லின் எனாமல் மெல்லியது, கரித்தூள் அதை அராவிவிடும். அந்த வேலையே வேண்டாம் என்று மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் கருவியின் நுனியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். கறை மேலாகத்தான் இருந்தது. அடியில் பல் கெட்டி. "இரும்புச்சத்து சொட்டு மருந்து குடுக்குறீங்களாம்மா?" என்றார். ரத்தசோகைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த மருந்து பல்லில் பட்டுப் படிந்த கறைதான் இது, சொத்தை இல்லை.

மருந்தை நிறுத்தவில்லை, நாமாக நிறுத்தவும் கூடாது. கொடுக்கும் விதத்தை மாற்றினோம். முன்பல்லில் படாமல், கன்னத்தின் உள்பக்கம் பின்னால் தள்ளிச் சொட்டுக்குழாயை வைத்து மெதுவாக விட்டு, உடனே தண்ணீர். பால் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். காலையும் இரவும் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். வாயை இறுக்கிக்கொண்டு ஒரே ரகளை! மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலுதட்டைத் தூக்கினால்தான் பிரஷ் அந்தக் கோட்டுக்கு எட்டும்.

புதுக்கறை ஏறவில்லை. மிச்சத்தை டாக்டர் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டார். ஈறோரம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள், சொத்தை பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.